பதினாறாம் வாய்பாடும் இரண்டு வளைவுகளும்

திருக்குறுங்குடியிலிருந்து மலை நம்பி கோயிலுக்கு ஜீப்பிலும் போகலாம், நடந்தும் போகலாம். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தே போவது என்று முடிவு செய்தவள் நான்தான். உடன் வந்தவர்கள் என் அண்ணன் மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் மூவரும். அவன் உடற்கல்வி படிக்கிறான். மார்பில் கட்டிக்கொள்ளும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்று வைத்திருக்கிறான். அன்று அதை விளையாட்டாக எனக்குக் கட்டிவிட்டிருந்தான். பாதி வழி வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசி ஏற்றத்தில் பையன்கள் முன்னே போய்விட்டார்கள் என்பதற்காக நானும் எட்டி நடந்து, ஏறக்குறைய ஓடி, கோயில் படிக்கட்டின் கீழே போய் அப்படியே நின்றுவிட்டேன். நின்ற சில நொடிகளில் காது அடைத்தது, கண் இருட்டியது, படிக்கட்டின் கல் விளிம்பு ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

"அத்தை, நிக்காதிய, மெதுவா நடந்துகிட்டே இருங்க" என்று அவன் ஓடிவந்து கையைப் பிடித்து, அந்தச் சிறிய இடத்திலேயே என்னை முன்னும் பின்னுமாக நடக்க வைத்தான். இரண்டு நிமிடத்தில் கண் தெளிந்தது. பட்டை காட்டிய உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 174. பிறகு, கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் கவ்வும் அந்தக் கருவியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம் இருந்தது. "மூச்சே கிடைக்கலைன்னு சொன்னேனே, 97 எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன விளக்கத்தில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு வயது 51. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன்; வீடு சிந்துபூந்துறையில். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகத் தாமிரபரணிக் கரையோரம் தினமும் 40 நிமிடம் நடந்துவந்தேன். நடையிலும் மாற்றம் இல்லை, சோதனை முடிவிலும் மாற்றம் இல்லை. ஒரே வேகம், ஒரே தோழிகள், ஒரே பேச்சு. மலையில் ஒரு நாள் உடம்பை அதன் எல்லை வரை தள்ளிப் பார்த்த பிறகுதான், அந்த எல்லைக்கும் என் ஆற்றங்கரை நடைக்கும் இடையில் நான் கால் வைக்காத நிலம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கணிதம் படித்தவள் என்பதால் அதை வரைபடமாகப் பார்க்க விரும்பினேன். உழைப்பு கூடக்கூட உடம்பும் அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போகும் என்று, அதாவது எல்லாம் ஒரே நேர்கோடு என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சில கோடுகள் நேராக ஏறுகின்றன, சில பாதியிலேயே படுத்துவிடுகின்றன, சில இறங்குகின்றன, மிக முக்கியமான இரண்டு மூன்று கோடுகள் ஓரிடத்தில் வளைந்து இன்னோரிடத்தில் செங்குத்தாக எழும்புகின்றன. நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்குப் பயன்படும் செய்தி முழுவதும் அந்த வளைவுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பங்குனி மாதம், அதிகாலை ஐந்தரை மணிக்கு, பாளையங்கோட்டையில் 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானம் ஒன்றில் மருமகன் எனக்குச் சோதனை வைத்தான். ஐந்து சுற்று. முதல் சுற்றை ஆறு நிமிடத்தில் நடக்க வேண்டும். அது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கு 1 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு, ஐந்தாம் சுற்றை மூன்று நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பக்கத்தில் அவன் கைக்கடிகாரத்துடன் கூடவே வந்தான். சுற்றின் கடைசி நிமிடத்தில் நான் பதினாறாம் வாய்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது நானே சேர்த்த விதி. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் வாய்பாடு; அதில் தடுமாறினால் அது நினைவின் குற்றமாக இருக்க முடியாது, மூச்சின் குற்றமாகத்தான் இருக்கும்.

துடிப்புகள் இப்படி வந்தன: 92, 107, 122, 138, 153. ஒவ்வொரு சுற்றுக்கும் 15 அல்லது 16. என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்தால், அளவுகோலை வைத்து ஒரே கோட்டில் சேர்த்துவிடுவாள். இதயத்துடிப்பும் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் உழைப்போடு ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும் என்பது உடலியங்கியல் படித்த அனைவருக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் சொந்த நெஞ்சிலிருந்து அந்தக் கோடு எழும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இந்த நேர்கோட்டை உடம்பு இரண்டு வழியில் வரைகிறது. ஓய்வில் வேகஸ் நரம்பு இதயத்தை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். நடக்கத் தொடங்கியதும் முதலில் அந்தப் பிடி தளர்கிறது. துடிப்பு 100-ஐ ஒட்டி வரும்வரை பெரும்பாலும் இந்தத் தளர்வே போதும். அதற்கு மேல் பரிவு நரம்புகளும், உழைப்பு கடுமையாகும்போது அட்ரினலினும் சேர்ந்து முடுக்கிவிடுகின்றன.

இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்ற கோடு வேறு மாதிரி. பயிற்சி இல்லாத ஒருவருக்கு அது ஓய்வில் சுமார் 70 மில்லிலிட்டர். உழைக்கத் தொடங்கியதும் விரைந்து கூடி, அவரது திறனில் பாதியை எட்டும் முன்னரோ எட்டும்போதோ ஏறத்தாழ நின்றுவிடும். அதற்கு மேல் தேவைப்படும் ரத்தம் அனைத்தும் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் வர வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் சுற்றும் ரத்தம், சாதாரண மனிதருக்கு உச்ச உழைப்பில் 20 லிட்டரை நெருங்குகிறது. தேர்ந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் சிலருக்கு 35 லிட்டருக்கும் மேலே போகும். அவர்களுடைய உச்சத் துடிப்பு நம்முடையதைவிட அதிகமில்லை, ஒவ்வொரு துடிப்பும் தள்ளும் அளவுதான் பெரிது.

இறங்குகிற கோடும் உண்டு. ஓய்வில் தசைகளுக்குப் போகும் ரத்தம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உச்ச உழைப்பில் அது ஐந்தில் நான்கு பங்கு ஆகிறது. அந்தப் பங்கு குடலிடமிருந்தும் சிறுநீரகத்திடமிருந்தும் பிடுங்கப்படுகிறது. மூளைக்கு உரியதை மட்டும் உடம்பு விட்டுக்கொடுப்பதில்லை. சாப்பிட்ட கையோடு மெதுவாக நடந்தால் ஒன்றும் செய்யாத வயிறு, ஓடினால் புரட்டுவதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம்.

இனி வளைவுகளுக்கு வருகிறேன். முதல் மூன்று சுற்றுகளிலும் ஒரு பதினாறு பதினாறில் தொடங்கிப் பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு வரை தங்குதடையின்றிச் சொன்னேன். மருமகன் எண்ணிய மூச்சு நிமிடத்துக்கு 16, 19, 22. நான்காம் சுற்று நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத பெருநடை. அதில் இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினேன், எண்ணிக்கை 30. ஐந்தாம் சுற்றில் "மூபதினாறு" என்று தொடங்கியதை நாற்பத்தெட்டு என்று முடிக்க முடியவில்லை, மூச்சு 42. இதயத்துடிப்பு நேராக ஏறிக்கொண்டிருந்தபோதே மூச்சு மட்டும் மூன்றாம் சுற்றுக்கும் நான்காம் சுற்றுக்கும் நடுவில் ஒருமுறை வளைந்து, ஐந்தாம் சுற்றில் மறுபடியும் வளைந்துவிட்டது.

ஏன் இப்படி? உழைப்பு சிறிதாக இருக்கும்போது உடம்பு முதலில் மூச்சின் ஆழத்தைக் கூட்டுகிறது. ஓய்வில் அரை லிட்டராக இருக்கும் ஒரு மூச்சு இரண்டு லிட்டர் அளவுக்கும் ஆழமாகும். ஆழம் கூட இடமில்லாதபோது வேகம் கூடுகிறது. ஆனால் வளைவுக்கு இது மட்டும் காரணமில்லை. மூச்சை விரட்டுகிறவன் வேறு ஆள். நாம் நினைப்பதுபோல் ஆக்சிஜன் குறைந்துபோவதால் மூச்சு வாங்குவதில்லை. மலையில் என் விரல் காட்டிய 97 அதற்குச் சாட்சி. தசையில் அமிலத்தன்மை கூடும்போது ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதைத் தணிக்கிறது. அந்த வினையில் கூடுதலாகக் கார்பன்-டை-ஆக்சைடு பிறக்கிறது. அதை வெளியே தள்ளத்தான் நெஞ்சு அவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது. காற்று கிடைக்கவில்லை என்று நாம் உணரும் அந்தத் தவிப்பில், உண்மையில் உடம்பு உள்ளே இழுப்பதைவிட வெளியே தள்ளுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது.

அமிலம் என்றதும் லாக்டிக் அமிலம் என்ற பெயர் வந்துவிடும். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஆசிரியர் அறையிலும் நடைபாதையிலும் இதைப் பற்றித் தவறான பேச்சே அதிகம் நடக்கிறது. 1907-இல் பிளெச்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் காட்டியதிலிருந்து, ஆக்சிஜன் இல்லாத தசையில் சேரும் கழிவுதான் லாக்டிக் அமிலம் என்ற எண்ணம் வேர்பிடித்தது. தசையில் வெப்பமும் லாக்டிக் அமிலமும் எப்படி உண்டாகின்றன என்று ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஹில்தான் மான்செஸ்டரில் ஒரு புல்வெளிப் பாதையில் தானே ஓடி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்துக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கூடவில்லை என்று கண்டு 1923-இல் எழுதினார். அவருக்கு அந்த உச்சம் நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்று மேலே இருந்தது. உச்ச ஆக்சிஜன் ஏற்பு என்று இன்று கைக்கடிகாரங்கள் கூடக் கணித்துச் சொல்லும் எண்ணின் பிறப்பு அங்கேதான். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களை ஓடவிடாமல் தானே ஓடிப் பார்த்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் கழிவு என்ற கருத்து நிலைக்கவில்லை. 1980-களில் ஜார்ஜ் புரூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஓரிடத்தில் உண்டாகி இன்னோரிடத்தில் எரிபொருளாகச் செலவாகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஓய்விலும் அது உண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது, ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில். இதயத் தசையும் மெதுவாக இயங்கும் தசைநார்களும் அதை விரும்பி எரிக்கின்றன. கல்லீரல் அதிலிருந்து மறுபடியும் குளுக்கோஸ் செய்துகொள்கிறது. வீட்டில் வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கையிருப்பு மாறாது அல்லவா, அதுபோல் ஆற்றங்கரை நடையில் லாக்டேட் ஏறுவதில்லை. முதல் வளைவில் வரவு செலவை மிஞ்சத் தொடங்கி அளவு 2-ஐ ஒட்டி வருகிறது. ஆயினும் அதே வேகத்தில் நீண்ட நேரம் போனால் ஓர் உயரத்தில் நிலைத்துவிடும். இரண்டாம் வளைவில், பலருக்கும் 4-ஐச் சுற்றி, அந்தச் சமநிலை உடைகிறது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றுகூட இல்லை, அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலே நிமிடத்துக்கு நிமிடம் அளவு ஏறி, விரைவில் நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வரும். இந்த 2, 4 என்ற எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். வளைவுகள் இருப்பது மாறாது.

வளைவதற்கு இன்னொரு காரணம் தசைநார்களை உடம்பு வேலைக்கு அழைக்கும் வரிசை. சிறிய வேலைக்கு, களைப்படையாத, மெதுவான நார்களை மட்டும் அழைக்கிறது. வேலை பெருகப் பெருக வேகமான பெரிய நார்களையும் வரிசையாகச் சேர்த்துக்கொள்கிறது. நூறு பேர் பந்திக்கு வீட்டுப் பெண்களே சமைத்துவிடுவார்கள், ஆயிரம் பேர் என்றால் தவசுப்பிள்ளையை அழைத்துத்தான் ஆக வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறத்தான் செய்யும். பின்னால் வரும் அந்த வேகமான நார்கள் சர்க்கரையை அள்ளி எரித்து லாக்டேட்டை அதிகமாக உண்டாக்குபவை.

மலையிலிருந்து வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் என் தொடைகள் தரையில் உட்கார முடியாத அளவுக்கு வலித்தன. "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும் டீச்சர்" என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னார். அது சேர்ந்திருந்தால் ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போயிருக்கும். இரண்டாம் நாள் வலி, தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது உண்டாகும் நுண்ணிய சேதத்தினால் வருவது. மலை ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதுதான் நீண்டபடி தாங்குகிறது. என்னை மூச்சு முட்ட வைத்தது ஏற்றம், இரண்டு நாள் படுத்தியது இறக்கம்.

கண் இருட்டியதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கடுமையாக நடக்கும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றன. அங்கே போன ரத்தத்தை மேலே திருப்பி அனுப்புவதில் கெண்டைக்கால் சதையின் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு பம்புபோல் உதவுகிறது. திடீரென நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது, குழாய்களோ விரிந்தே இருக்கின்றன, ரத்தம் காலில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து அழுத்தம் சரிகிறது. மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் இது நேராது. இவ்வளவு எளிய செய்தியை ஐம்பது வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இதைப் படிப்பில்லாமலே அறிந்திருந்த ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். திசையன்விளைப் பக்கம், கால் புதையும் செம்மணல் தேரியில், என் பெரியப்பா பனையேறினார். பதநீர்க் காலத்தில் நாள் ஒன்றுக்கு இருவேளை, வேளைக்கு முப்பது நாற்பது மரம். காலில் திளாப்பு என்ற வளையத்தை மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் வைத்த பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் ஏறுவதை நான் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, உடம்பைத் தூக்கி, திளாப்பு மாட்டிய பாதங்களை ஒருசேர மேலே இழுத்து ஊன்றி, மறுபடியும் கையை உயர்த்துவார். ஒவ்வோர் எழும்புதலுக்கும் ஒரு மூச்சு, அந்தத் தாளம் அடியிலிருந்து வட்டு வரை மாறாது. மரத்தடியில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. கலயத்தை இறக்கி ஊற்றிய கையோடு அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவார். இளவட்டங்கள் எடுத்த எடுப்பிலேயே விறுவிறுவென்று ஏறுவதைப் பார்த்து, "நாலு மரம் ஏறி எறங்குனாத்தான் ஒடம்பு வழிக்கு வரும்ட்டி, இவனுவ முத மரத்துலயே ஓடுதானுவ" என்று என்னிடம் சொன்னார்.

அவர் சொன்ன நாலு மரத்துக்கு உடலியங்கியலில் இடம் இருக்கிறது. வேலை தொடங்கிய நொடியே தசைக்குச் சக்தி வேண்டும். ஆனால் ஆக்சிஜன் வரத்து அந்தத் தேவையை எட்ட மிதமான வேலைக்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. அந்த இடைவெளியைத் தசையில் இருப்பிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடிச் சக்திப் பொருளும், அவசரமாக உடைக்கப்படும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் ஈடுகட்டுகின்றன. பாஸ்போகிரியாட்டின் முழுமூச்சான வேலைக்கு ஏறத்தாழ பத்து நொடிதான் வரும். தொடக்கத்திலேயே வேகமாகப் போனால் அந்தக் கடன் பெரிதாகிறது, வளைவுகள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. சற்று நேரம் மெதுவாகச் சென்று தசை சூடேறிய பின் வேகம் கூட்டுபவருக்கு அதே மரம் இலேசாக இருக்கிறது.

பத்து நொடி உழைப்பை எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை ஆனி மாதத்தில் பார்க்கலாம். நெல்லையப்பர் கோயில் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. நிலையிலிருந்து அது முதல் அடி நகர்வதற்கு வடம் பிடித்தவர்கள் அனைவரும் மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, குதிகாலை ஊன்றி இழுக்கிறார்கள். அந்த நேரத்தில் உடம்பில் நடப்பது ஓட்டத்தில் நடப்பதிலிருந்து வேறானது. ஓடும்போது ரத்த அழுத்தத்தின் மேல் எண் 120-லிருந்து 180, 200 என்று ஏறினாலும், தசைக் குழாய்கள் விரிவதால் கீழ் எண் பெரிதாக மாறுவதில்லை. மூச்சை அடக்கி, அசையாத ஒன்றை இழுக்கும்போது இறுகிய தசை தன் குழாய்களைத் தானே நெரிப்பதால் மேல் எண், கீழ் எண் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு நகர்ந்துகொள்ளுங்கள் என்று நான் வேண்டிக்கேட்பது இதனால்தான். நெல்லையப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எரிபொருள் பற்றி ஒரு சொல். மெதுவான நடையில் உடம்பு கொழுப்பை அதிகப் பங்கு எரிக்கிறது, வேகம் கூடக்கூடச் சர்க்கரையின் பங்கு மேலோங்குகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். விழுக்காட்டையும் அளவையும் குழப்பிக்கொள்ளும் பிழை இது. ஏழாம் வகுப்பில் நான் திருத்தும் பிழை. எடுத்துக்காட்டுக்கு, நிமிடத்துக்கு 4 கலோரி செலவாகும் நடையில் கொழுப்பின் பங்கு 60 சதவீதம் என்றால் அது 2.4 கலோரி, 8 கலோரி செலவாகும் நடையில் பங்கு 35 சதவீதமாகக் குறைந்தாலும் அது 2.8 கலோரி.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் கதவு ஒன்றைத் திறக்கிறது. நடை நமக்கு மருந்தாவது இதனால்தான். ஆனால் இரண்டாம் வளைவைத் தாண்டி உழைக்கும்போது அட்ரினலின் பெருகி, கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸைத் தசை எடுப்பதைவிட வேகமாக வெளியே விடுகிறது. மலையில் ஏறும் முன் 131 காட்டிய என் சர்க்கரை பார்க்கும் கருவி, மேலே போனதும் 168 காட்டியது. வழியில் ஒரு வாய் எதுவும் சாப்பிடவில்லை. உழைத்தும் கூடிவிட்டதே என்று பயந்துபோனேன். அந்த ஏற்றம் தற்காலிகமானது, சிறிது நேரத்தில் இறங்கிவிடும், பின்வரும் மணிநேரங்களில் இன்சுலினுக்கு உடம்பு இன்னும் நன்றாகச் செவிசாய்க்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் மனம் அமைதியானது. இன்சுலின் ஊசியோ சர்க்கரையை மிகவும் இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு எதிர்த்திசையில், அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்தும் உண்டு. அவர்கள் தம் மருத்துவரிடம் பேசாமல் வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

எண்களை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பார்கள். எனக்கு அது 169. 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001-ஆம் ஆண்டின் சூத்திரப்படி 172. மலையில் நான் தொட்டது 174. இவை கூட்டத்தின் சராசரிகள். தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் இருப்பது சாதாரணம். எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி, எவ்வளவு வேகமாக நடந்தாலும் தன் துடிப்பு 105-ஐத் தாண்டாது என்று கைக்கடிகாரத்தைக் காட்டிப் பெருமைப்படுவார். அவர் எடுத்துக்கொள்ளும் ரத்த அழுத்த மாத்திரை, இதயத்துடிப்பைப் பிடித்து நிறுத்தும் வகையைச் சேர்ந்தது. அவருக்கு அந்த எண்ணை வைத்து உழைப்பை அளக்கவே முடியாது. பேச்சை வைத்துத்தான் அளக்க முடியும்.

வெயிலும் எண்ணைக் கெடுக்கும். சித்திரையில் காலை ஏழு மணிக்கு நான் அதே பாதையில் அதே வேகத்தில் நடந்தபோது, இருபதாம் நிமிடத்துக்கு மேல் துடிப்பு தானாகவே ஏறிக்கொண்டு போனது. தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், வியர்வையில் ரத்தத்தின் நீரும் குறைகிறது, ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு குறைய இதயம் எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. ஆனிச் சாரல் காற்று குற்றாலத்துப் பக்கமிருந்து நகரை எட்டிய வாரத்தில் அதே நடையில் எனக்கு எட்டுத் துடிப்பு குறைவு.

இவ்வளவையும் வைத்து என் நடையை மாற்றினேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்கிறது. மிதம் என்பது எனக்கு மூன்றாம் சுற்று வேகம். பேசலாம், ஆனால் பாட முடியாது. நான் இரண்டு ஆண்டுகளாக நடந்தது முதல் சுற்று வேகத்தில். இப்போது வாரத்தில் நான்கு நாள் முதல் வளைவுக்குச் சற்றுக் கீழே 45 நிமிடம் நடக்கிறேன். ஒரு நாள் மட்டும், நன்றாகச் சூடேறிய பிறகு, இரண்டாம் வளைவைத் தொடும் வேகத்தில் மூன்று நிமிடம், பிறகு மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி நான்கு முறை. இதற்கு முன் இதயச் சோதனை செய்துகொண்டேன். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் எந்த வளைவையும் பற்றி யோசிக்காமல் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரட்டாசியில், அதே மைதானத்தில், அதே நேரத்தில் சோதனையை மறுபடியும் வைத்தோம். துடிப்புகள் 86, 100, 114, 128, 143. கோடு நேராகத்தான் இருந்தது, ஆனால் முழுதும் கீழே இறங்கியிருந்தது. நான்காம் சுற்றில் வாய்பாட்டை முழுவதும் சொன்னேன். ஐந்தாம் சுற்றில் மூன்று வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினேன். மருமகன் ஆறாம் சுற்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னான். மணிக்கு 9 கிலோமீட்டர், சுற்றுக்கு 2 நிமிடம் 40 நொடி. அதில்தான் "ஐபதினாறு" என்பதோடு வாய் நின்றது. முடித்ததும் நிற்காமல் அரைச் சுற்று நடந்தேன்.

மார்கழியில் அடுத்த சோதனை. பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அண்ணாச்சி எடுக்கும் அதே வகை மாத்திரை எடுப்பவர்; மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறார். அவருக்குப் பட்டை கட்டப் போவதில்லை, வாய்பாடு மட்டும்தான். அவர் தமிழாசிரியை, பதினாறாம் வாய்பாடு வராது, மூதுரை சொல்கிறேன் என்கிறார். ஒரு மூச்சுக்கு எத்தனை அடி வருகிறது என்று மருமகன் எண்ணிக்கொள்வான்.